காளான் இல்லாத திசை

எங்கள் பீசெக் ஊரில் லுபோரைப் பொய்யன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தண்ணீர்க் குழாய் ஆபீஸில் அவன் மேஸ்திரி. குழாய் எப்போது சரியாகும் என்று கேட்டால் 'நாளைக்கு' என்பான். நாளைக்கே சரியாகிவிடும். அப்பேர்ப்பட்ட யோக்கியன். ஆனால் காளான் என்று வந்துவிட்டால் மட்டும் அவன் வாயிலிருந்து ஒரு நிஜம் வராது. அதற்காக அவனைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் ஊர்ப் பாதிரியாரே காளான் பறிக்கிற இடத்தைக் கேட்டால் பொய்தான் சொல்வார். சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்.

எங்கள் பக்கத்துச் சட்டம் அது. கூடையைத் துணியால் மூடிக்கொண்டு ஒருத்தன் காட்டிலிருந்து வருகிறான் என்று வையுங்கள்.

"என்னப்பா, ஏதாவது கெடைச்சுதா?"

"எங்க! ஒண்ணுமில்லை. காடே காஞ்சு கெடக்கு."

இப்படிச் சொன்னால் அங்கே குவிந்து கிடக்கிறது என்று அர்த்தம். அதையே, "ஏராளம்ப்பா! நேரா போய் சோத்துக்கைப் பக்கம் திரும்பு" என்று வாயெல்லாம் பல்லாகச் சொன்னால், அந்தப் பக்கம் போகிறவன் மடையன். ஒரு தடவை பக்கத்து வீட்டு ஸ்திபோர் முதுகு வளைய ஒரு கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து, "கால் வலிக்கு நடந்துட்டு வரேன்" என்றான். மறுநாள் காலையில் லுபோர் ஸ்திபோரின் பூட்ஸ் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய் ரெண்டு கூடை அள்ளி வந்தான். ரெண்டு வீட்டுக்கும் ஒரு மாதம் பேச்சுவார்த்தை இல்லை.

லுபோரின் பெண்டாட்டி விளாஸ்தா பள்ளிக்கூடச் சமையல்கூடத்துக்குத் தலைவி. நானூறு பிள்ளைகளைக் கரண்டியும் கண்ணுமாக அடக்குகிறவள். அவளுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு குறை. கடலைப் பார்த்ததில்லை.

எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது. நாலு பக்கமும் அடுத்தவன் நிலம். கல்யாணத்தன்று ஆடிக்கொண்டிருக்கும்போது லுபோர் அவள் காதில், "உனக்குக் கடலைக் காட்டறேன் பாரு" என்றான். வாத்தியம் நின்றது, ஆட்டம் நின்றது, பிள்ளைகள் பிறந்து வளர்ந்து அவரவர் வீட்டுக்குப் போயாச்சு. கடல் மட்டும் வரவில்லை. விளாஸ்தாவுக்குக் கோடையில்தான் லீவு. காளானும் அதே கோடையில்தான் முளைத்துத் தொலைக்கிறது. ஒவ்வொரு வருஷமும் பெட்டி கட்டுகிற நேரம் பார்த்து ஒரு மழை பெய்யும். மழைக்குப் பின்னால் ஒரு வெயில் அடிக்கும். லுபோருக்குத் திடீரென்று இடுப்புப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் அதே இடுப்பை வளைத்துக்கொண்டு காட்டில் நிற்பான்.

இந்த வருஷம் ஜூன் மாதத்திலேயே விளாஸ்தா சூப்புப் பாத்திரத்தை மேசையில் டங்கென்று வைத்தாள்.

"இந்த வருஷம் கடல்."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரிதான்! ஆகஸ்ட் கடைசி வாரம் கெளம்பறோம். நான் சொன்னா சொன்னதுதான்!" என்று லுபோர் மேசையைக் குத்தினான். கரண்டி எகிறிக் கீழே விழுந்தது.

"பாத்துக்க. இந்தத் தடவை போகலேன்னா, அடுத்த வருஷம் ஸ்திபோர் பெண்டாட்டியோட பஸ்ஸுல போயிடுவேன். திரும்பி வருவேனான்னு கடலைக் கேட்டுத்தான் சொல்வேன்."

அவள் சிரிக்காமல் சொன்னாள். லுபோர் குனிந்து கரண்டியைத் தேட ஆரம்பித்தான்.

ஆகஸ்ட் வந்தது. மழை பெய்தது. எப்பேர்ப்பட்ட மழை! ஒரு வாரம் நின்று பெய்துவிட்டு, மந்திரம் போட்டதுபோல் நின்று, இளம் வெயில் எட்டிப் பார்த்தது. ஊரே கூடையும் கத்தியுமாகக் காட்டுக்குள் இறங்கியது. ஸ்திபோர் தினமும் கால் வலிக்கு நடந்தான். லுபோர் ஜன்னலில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் சமையலுக்குக் காயவைத்த காளான் இல்லாமல் அவன் வீட்டு வாசலை எவனாவது மிதிப்பானா?

அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஆபீஸில் யாரோ சொல்லியிருந்தார்கள், ஸ்லோவேனியாவில் கோச்சேவியே என்று ஒரு பெருங்காடு, கரடி நடமாடுகிற காடு, அங்கே ஹ்ரிப் ஒவ்வொன்றும் பாதிரியார் தொப்பி அளவுக்கு இருக்கும் என்று. ஹ்ரிப் என்றால் காளான்களுக்கெல்லாம் ராஜா. தடித்த தண்டு, பழுப்புத் தொப்பி. அதைப் பார்த்தால் லுபோருக்கு நெஞ்சு ஒரு துடிப்பு கூடுதலாகத் துடிக்கும். பெண்பார்க்கப் போனபோதுகூட அப்படித் துடித்ததில்லை.

அந்தக் காடு கடலுக்குப் போகிற வழியில்தான் இருந்தது. அதில்தான் சூட்சுமம். கார் அங்கே போய்ப் படுத்துக்கொண்டால் லுபோர் என்ன செய்வான், பாவம்? கார் படுத்தால் மனிதன் நடக்க வேண்டியதுதான். நடக்கிற இடம் காடாக இருந்தால் அது அவன் குற்றமா? ரகசியமாக போன் போட்டு, அந்தக் காட்டோரத்தில் ஒரு பண்ணை வீட்டில் சனிக்கிழமையிலிருந்து ஒரு வாரத்துக்கு அறை பிடித்துவிட்டான். மனசாட்சி கொஞ்சம் முனகியது. அதற்கும் பதில் வைத்திருந்தான். கடல் எங்கே போய்விடும்? அடுத்த வருஷமும் அதே இடத்தில்தான் கிடக்கும். ஹ்ரிப் அப்படியா? ரெண்டு நாளில் புழு வைத்துவிடும்.

சனிக்கிழமை புறப்படலாம் என்று பார்த்தால், விளாஸ்தா நீச்சல் உடை தைத்து முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினார்கள். பின் சீட்டில் ஷ்னிட்சல் என்கிற பொரித்த இறைச்சித் துண்டு ஒரு டப்பா, உருளைக்கிழங்கு சாலட் ஒரு குண்டான். எங்கள் ஆட்கள் நிலவுக்குப் போனாலும் ஷ்னிட்சல் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

ஆஸ்திரியா மலைப்பாதையில் லுபோர் திடீரென்று பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரனிலேயே அவன் பரம்பரையை விசாரித்துவிட்டுப் போனான். சாலட் குண்டான் முன்னால் பாய்ந்து விளாஸ்தாவின் மடியில் கவிழ்ந்தது.

"என்னய்யா! மான் குறுக்க வந்துச்சா?"

"இல்ல... அந்த மரத்தடியில பழுப்பா ஒண்ணு..."

"அது எவனோ தூக்கிப் போட்ட செருப்பு."

இறங்கிப் போய்ப் பார்த்தான். செருப்புதான். ஒரு கால் செருப்பு. திரும்பி வந்து, மடியிலிருந்து உருளைக்கிழங்கைப் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டிருந்த பெண்டாட்டியின் முகத்தைப் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

சாயங்காலம் பண்ணை வீட்டுக்குத் திரும்புகிற முக்கு வந்தது. "என்னமோ சத்தம் கேக்குது" என்று லுபோர் வண்டியை ஓரம் கட்டினான். பானெட்டைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, இருமினான், பெருமூச்சு விட்டான், ஒரு ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"போச்சு! வண்டி செத்துப்போச்சு! நல்லவேளை, அதோ ஒரு வீடு தெரியுது பாரு. கடவுளாப் பாத்து வெச்ச வீடு."

"தள்ளணுமா?"

"கொஞ்சம் மேடுதான். நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கறேன்."

விளாஸ்தா தள்ளினாள். நானூறு பேருக்கு மாவு பிசைந்த கை. கார் வீட்டு முற்றத்தில் போய் நின்றது. வீட்டுக்காரி தோன்ச்கா, கையில் மாவோடு சிரித்துக்கொண்டே ஓடி வந்தாள். ஸ்லோவேனியக்காரர்கள் பேசுவது எங்களுக்கு முக்கால்வாசி புரியும். மீதிக்குக் கை இருக்கிறது.

"வாங்க வாங்க! நேத்திலேருந்து உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கோம். மெத்தை விரிச்சு ரெடியா இருக்கு!"

லுபோருக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. கோழியெல்லாம் பறந்து வேலியில் ஏறிக்கொண்டது.

விளாஸ்தா அவனைப் பார்த்தாள். தோன்ச்காவைப் பார்த்தாள். செத்துப்போன காரைப் பார்த்தாள். பிறகு முகம் மலர்ந்து, "அடடா, எவ்வளவு தங்கமான ஜனங்க! முன்னபின்ன தெரியாதவங்களுக்கு நேத்தே மெத்தை விரிச்சு வெச்சிருக்காங்க!" என்றாள்.

"ஆமாம்மா, இந்த ஊர்ப் பழக்கம் அது" என்றான் லுபோர். அப்பாடா, தப்பித்தோம் என்று நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பாவம்.

மறுநாள் பொழுது விடிந்ததும் கூடையோடு கிளம்பினான். மத்தியானம் வரை மரமரமாகச் சுற்றினான். ஒன்றுமில்லை. காளான் என்ன, காளானின் நிழல்கூட இல்லை. காலடியில் சருகு அப்பளமாக நொறுங்கியது. வீட்டுக்காரர் லோய்ஸே விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"அய்யா, இந்தப் பக்கம் காளான் எங்க கெடைக்கும்?"

"காளானா? இந்த வருஷம் இங்க மழையே இல்லை தம்பி. ஒண்ணும் கெடைக்காது."

லுபோர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு விளாஸ்தாவிடம் கிசுகிசுத்தான். "இருக்கு! நெறைய இருக்கு! 'ஒண்ணும் கெடைக்காது'ன்னு சொல்லிட்டாரு!"

"நெஜமாவே மழை இல்லையோ என்னமோ."

"நீ சும்மா இரு. உனக்குச் சூது தெரியாது."

செவ்வாய்க்கிழமையும் சருகுதான். புதன்கிழமை காலையில் லோய்ஸே ஒரு கூடையைத் துணி போட்டு மூடிக்கொண்டு, வீட்டுக்குப் பின்னால் சுற்றுவழியில் மரங்களுக்குள் நுழைவதை லுபோர் கண்டான். மூடின கூடை! சுற்றுவழி! அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. புதருக்குப் புதர் பதுங்கிப் பின்தொடர்ந்தான். கடைசிக் கொஞ்ச தூரம் மண்டியிட்டுத் தவழ்ந்தான். லோய்ஸே ஒரு சரிவில் நின்று கூடையைத் திறந்தார். லுபோர் இன்னும் நெருங்கி, வர்ணம் பூசின ஒரு பலகைக்குப் பின்னாலிருந்து மூக்கை நீட்டினான்.

அது தேனீப் பெட்டி.

லோய்ஸே கூடையிலிருந்து புகைக்குழலை எடுத்துக்கொண்டு திரும்பும்போது, விருந்தாளி ஒருத்தன் தரையில் புரண்டுகொண்டிருந்தான்.

"என்ன தம்பி, இங்க என்ன பண்றீங்க?"

"கால் வலிக்கு... நடந்துட்டிருந்தேன்."

"படுத்துக்கிட்டா?"

மத்தியானம் லுபோர் கட்டிலில் கிடந்தான். மூக்கு உருளைக்கிழங்காகிவிட்டது. ரோஜாவை நீட்டினாலும் மாட்டுச் சாணத்தை நீட்டினாலும் ஒரே வாசனைதான், அதாவது ஒன்றுமில்லை. விளாஸ்தா வெங்காயத்தை வட்டமாக நறுக்கி அதன் மேல் ஒட்டினாள்.

"வலிக்குதா?"

"மானம்தான் வலிக்குது. விடு. எனக்கு அந்த எடம் தெரிஞ்சாகணும். நீ அந்தத் தோன்ச்காவோடதானே அடுப்படியில குலாவிக்கிட்டிருக்கே? மெதுவா அவ வாயைப் பிடுங்கக் கூடாதா?"

"கேட்டேனே."

லுபோர் எழுந்து உட்கார்ந்தான். வெங்காயம் விழுந்தது. "என்ன சொன்னா?"

"இங்க எதுவும் இல்லையாம். தெற்கே, எல்லை தாண்டி, குரோவேஷியா மலைப்பக்கம் போனா எப்படீன்னு கேட்டேன். அங்க சுத்தமா ஒண்ணும் கெடையாதாம். காளானுக்காக அந்தப் பக்கம் போறது வீண் அலைச்சல்னு சொல்லச் சொன்னா."

"எப்படிச் சொன்னா? அதைச் சொல்லு. மூஞ்சியப் பாத்துச் சொன்னாளா?"

"ரொட்டிக்கு மாவு பிசைஞ்சுக்கிட்டே சொன்னா. நிமிந்து பாக்கல."

"நிமிந்து பாக்கலியா!"

"மாவு பிசையறப்ப நிமிந்தா மாவு கட்டி தட்டிடும்யா."

"ஐயோ, நீ ஒரு வெகுளிடி! சுத்தமா ஒண்ணும் கெடையாதாம்! வீண் அலைச்சலாம்! இப்படியெல்லாம் நம்மை எதுக்குத் தடுக்கணும்? சொல்லு பாப்போம். அவ அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லாம் இந்நேரம் அங்க கூடை கூடையா அள்ளிக்கிட்டிருப்பாங்க!"

"எனக்கென்னமோ இங்கேயே நிம்மதியா இருக்கலாம்னு தோணுது. நல்ல சாப்பாடு, நல்ல காத்து. எதுக்கு அலைஞ்சுக்கிட்டு?"

"நீ பேசாதே! நாளைக்குக் காலைல கெளம்பறோம். நான் சொன்னா சொன்னதுதான்."

"எதுல போறது? வண்டிதான் செத்துப்போச்சே?"

லுபோர் விழுந்த வெங்காயத்தை எடுத்து மறுபடி மூக்கில் ஒட்டிக்கொண்டான். "நான்... ஒரு தடவை பாக்கறேன். என் கை படாத மெஷினா?"

மறுநாள் காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சட்டைப் பையில் கையை விட்டான். பை காலி. இன்னொரு பை. அதுவும் காலி. சட்டையே வேறு சட்டை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வியர்த்துக்கொட்டி நிற்கும்போது விளாஸ்தா துணிக்கூடையோடு வந்தாள்.

"இதுவா பாரு நீ தேடறது? உன் சட்டையத் துவைக்கறப்ப கெடைச்சுது. பட்டன்னு நெனைச்சேன். ஆனா ஓட்டையே இல்லை."

லுபோர் அந்த ஃப்யூஸை வாங்கிக்கொண்டான். அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். அதில் துவைத்த துணியின் வெள்ளைதான் இருந்தது. ஃப்யூஸைச் சொருகினான். சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது.

"ஆஹா! ஒரு பட்டனைப் போட்டு உசிரு குடுத்துட்டியே! நீ தண்ணிக் குழாய்ல இருக்க வேண்டிய ஆளே இல்லைய்யா" என்று அவள் கையைத் தட்டினாள். லுபோருக்கு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்தது. ஆனால் புகழ்ச்சி சந்தேகத்தைவிட இனிப்பாக இருந்ததால் அதையே எடுத்துக்கொண்டான்.

"நீ காட்டைப் பாரு, நான் ரோட்டைப் பாக்கறேன்" என்று விளாஸ்தா வண்டி ஓட்ட உட்கார்ந்துகொண்டாள். நியாயமான ஏற்பாடு. ஒரு காளான்காரன் கண்ணைக் காட்டோரத்திலிருந்து எடுத்துப் பெயர்ப் பலகையெல்லாம் படித்துக்கொண்டிருக்க முடியாது. எல்லை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மலை ஏறினார்கள். பனிமூட்டம் இறங்கி வழியை மூடியது. ரோட்டோரத்தில் தேனும் பிளம் சாராயமும் விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாளைக் கண்டதும் லுபோர் வண்டியை நிறுத்தச் சொன்னான்.

"அம்மா, இங்க காளான் உண்டா?"

"இந்த வருஷமா? சல்லிக்காசுக்குப் பிரயோஜனமில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இன்னும் மோசம். வெறும் கல்லும் பாறையும்தான். எங்க போறீங்க?"

லுபோர் கண்ணாடியை ஏற்றினான். "கேட்டியா? இன்னும் மோசமாம்! கல்லும் பாறையுமாம்! பாத்தியா, போகப் போகப் பொய் தடிக்குது. நாம சரியான வழியிலதான் போறோம்."

"திரும்பிடலாமா? அந்தம்மா நல்ல மாதிரியா தெரியறாங்க."

"ஓட்டு, ஓட்டு!"

இன்னும் கொஞ்ச தூரம் போனதும் ஒரு முக்கில் ஒரு தாத்தா முழு ஆட்டைக் கம்பியில் சொருகி வாட்டிக்கொண்டிருந்தார். அந்த மூட்டத்திலும் அவருடைய சிரிப்பு தெரிந்தது. லுபோர் கண்ணாடியை இறக்கிக் கேட்டான். தாத்தா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"காளானா! இந்த ரோட்டுல போனா மீன்தான்யா கெடைக்கும். மீனு!"

இதற்கு மேல் லுபோரால் தாங்க முடியவில்லை. சீட்டில் துள்ளினான். "மீனாம்! காட்டுல மீனாம்! என் ஆயுசுல இப்படி ஒரு பொய்யைக் கேட்டதில்லை. ஸ்திபோர்கூட இவருகிட்ட பிச்சை வாங்கணும். விளாஸ்தா, இப்படியாப்பட்ட பொய் சொல்லி ஒருத்தன் ஒரு எடத்தை மறைக்கிறான்னா, அங்க எப்பேர்ப்பட்ட ஹ்ரிப் இருக்கணும்!"

"எனக்கென்னமோ அவரு நெஜத்தைத்தான் சொல்ற மாதிரி இருக்கு."

"உனக்கு எல்லாரும் நெஜம்தான் சொல்றாங்க. அதுதான் நீ இன்னும் சமையல்கூடத்துலயே கெடக்கே. நான் இல்லேன்னா உன்னைச் சந்தையில வித்துடுவாங்க."

"அதுவும் சரிதான்" என்று விளாஸ்தா கியரை மாற்றினாள்.

பாதை மலையுச்சி தாண்டி இறங்கத் தொடங்கியது. மூட்டம் கலையவில்லை. வளைந்து வளைந்து இறங்கி, பைன் மரங்கள் அடர்ந்த ஒரு சரிவுக்கு மேலே அவள் வண்டியை நிறுத்தினாள்.

"இங்க தேடிப் பாரேன். இங்கயும் ஒண்ணும் இருக்காதுன்னுதான் நான் நெனைக்கறேன். நீ மரத்தோட மரமா கீழ தேடிக்கிட்டே வா. நான் ரோடு வழியா வண்டியக் கீழ கொண்டு வந்து நிக்கறேன்."

லுபோர் கூடையையும் கத்தியையும் எடுத்துக்கொண்டு இறங்கினான். காளான்காரன் நடக்கிற நடையைப் பார்த்திருக்கிறீர்களா? தலை தொங்கியிருக்கும். கண் காலடியை விட்டு நகராது. எதிரே அரண்மனை வந்தாலும் முட்டிக்கொண்டுதான் தெரியும். பைன் ஊசிகளைக் குச்சியால் விலக்கினான். கல். இன்னொரு இடத்தில் விலக்கினான். பாறை. அந்த அம்மாள் சொன்ன அதே கல்லும் பாறையும். ஒரு வேளை... என்று மனசு ஆரம்பித்தது. வாயை மூடு என்று மனசை அடக்கிவிட்டு இறங்கினான். ஏதோ சலசலப்பு கேட்டது. ஓடை என்று நினைத்தான். உருளைக்கிழங்கு மூக்கு எதையும் காட்டிக்கொடுக்கவில்லை. மரங்கள் முடிந்து கூழாங்கல் வந்தது. பூட்ஸுக்குள் ஈரம் ஏறியது. ஓடையேதான். ஓடைக்கரை ஈரத்தில் ஹ்ரிப் இல்லாமல் வேறெங்கே இருக்கும் என்று இன்னும் ரெண்டு எட்டு வைத்தான்.

முழங்காலில் வந்து ஓர் அலை அடித்தது. கூடை மிதந்தது.

லுபோர் தலையை நிமிர்த்தினான். மூட்டம் தண்ணீருக்கு மேல் கிழிந்து, வெயில் பளீரென்று இறங்கியிருந்தது. ஓடைக்கு அக்கரை இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. பக்கத்தில் மிதவைமேல் மல்லாந்து கிடந்த ஒரு தடித்த மனிதர், பூட்ஸும் கத்தியுமாக நிற்பவனைப் பார்த்துப் பதறிப்போய் எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன தேடறீங்க?"

"காளான்" என்றான் லுபோர்.

"இங்க இல்லையே."

லுபோர் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்த ஆளைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு அந்தச் சந்தேகமும் பூட்ஸோடு சேர்ந்து நனைந்துபோயிற்று.

"விளாஸ்தா! இது என்ன?"

விளாஸ்தா கொஞ்சம் தள்ளிக் கரையோரத் தண்ணீரில் நின்றிருந்தாள். செருப்பு ஒரு கையில், பாவாடைக் கொசுவம் ஒரு கையில். அவன் பக்கம் திரும்பவில்லை.

"தண்ணி."

"அடியே, எல்லாம் தெரிஞ்சேதான் பண்ணினியா? எப்போ கண்டுபிடிச்சே?"

"நேத்தே மெத்தை விரிச்சு வெச்சிருக்கோம்னு அந்தத் தோன்ச்கா சொன்னப்பவே. வண்டியத் தள்ளின வேர்வை காயறதுக்குள்ள."

"அப்போ என்னை ஏமாத்தி இங்க இழுத்துட்டு வந்திருக்கே! அத்தனையும் பொய்!"

இப்போது அவள் திரும்பினாள். "எது பொய்? தோன்ச்கா ஒண்ணுமில்லைன்னா. ஒண்ணுமில்லைன்னுதான் உன்கிட்ட வந்து சொன்னேன். இங்கேயே இருக்கலாம்னேன், நீ கேக்கல. திரும்பலாம்னேன், ஓட்டு ஓட்டுன்னே. தாத்தா நெஜம் சொல்றாருன்னேன், என்னைச் சந்தையில வித்துடுவாங்கன்னே. இந்த மேட்டுல நிக்கறப்பக்கூட ஒண்ணும் இருக்காதுன்னு சொல்லித்தானே இறக்கிவிட்டேன்? வழி நெடுக நெஜத்தைத் தவிர என் வாயில வேற ஏதாவது வந்துச்சா?"

லுபோர் யோசித்துப் பார்த்தான். வரவில்லை. அதுதான் கொடுமை.

திட்டுவதற்கு வாயைத் திறந்தவன் அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் வாய் சிரித்தது. சமையல்கூடத் தலைவியை அவன் இப்படிப் பார்த்ததே இல்லை. கல்யாணத்தன்று வாத்தியக்காரர்களுக்கு நடுவில் பார்த்ததோடு சரி.

"இவ்வளவு பெரிசா இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லலியேய்யா" என்றாள்.

இத்தனை வருஷம் இதை இவளுக்குக் காட்டாமல் இடுப்புப் பிடிப்பு, இடுப்புப் பிடிப்பு என்று ஏமாற்றிக்கொண்டிருந்தோமே என்று லுபோருக்கு வெட்கமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. ரெண்டும் சேர்ந்து வந்ததில் என்ன செய்வதென்று தெரியாமல் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினான். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக்கொண்டான். ஓர் அலை வந்து ரெண்டு பேரையும் சேர்த்து நனைத்தது. அவள் சின்னப் பெண் மாதிரிக் கூச்சல் போட்டாள். அவனும் போட்டான்.

"சனிக்கிழமை வரைக்கும் இங்கேயே இருப்போமா?" என்றாள்.

"இருப்போம். அடுத்த வருஷமும் வருவோம்."

"நெஜமாவா?"

"நெஜமாத்தான். காளான் விஷயமில்லையே, நம்பு."

ஆனால் ஆண்பிள்ளை, அதுவும் மேஸ்திரி, எவ்வளவு நேரம் தோற்றவனாகவே நிற்பான்? மானத்தைக் கொஞ்சமாவது கரையேற்ற வேண்டாமா? லுபோர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, வீங்கின மூக்கை வானத்துக்குத் தூக்கி, விரலை ஆட்டினான்.

"ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன் விளாஸ்தா. இனிமே நீ சொல்ற ஒரு வார்த்தையைக்கூட நான் நம்பப் போறதில்லை!"

"நம்பாதேய்யா" என்று அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீ மட்டும் என்னை நம்பியிருந்தா, இந்நேரம் நாம அந்தக் காட்டுலதானே உக்காந்திருப்போம்?"